காரில் பாட்டு இனிக்க வேண்டுமா?

புதுக் கார் வீட்டுக்கு வந்துவிட்டது.

கோவில் வாசலில் மாலை போட்டாகிவிட்டது. எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரமும் ஏறிவிட்டது. குடும்பம் முழுவதும் காரில் ஏறி உட்கார்ந்தது. அப்பா விசையைத் திருகினார். பாட்டு வந்தது.

"என்னப்பா இது? டப்பாவுக்குள் இருந்து பாடுவது போல் இருக்கிறதே!" என்றான் மகன்.

பக்கத்து வீட்டுக்காரர் யோசனை சொன்னார். "கம்பெனி ஸ்பீக்கர் எல்லாம் அப்படித்தான் சார். கழற்றிப் போட்டுவிட்டு நல்ல செட்டாக மாட்டுங்கள்."

மறுநாளே கார் கடைக்குப் போயிற்று. கதவின் உள்பக்க அட்டையைக் கழற்றினார்கள். வயரை வெட்டினார்கள். டிக்கியில் பெரிய பெட்டி ஒன்றை ஏற்றினார்கள். ஊருக்குப் போனால் துணிப்பை வைக்கும் இடம் போயிற்று. கையில் இருந்த பணமும் போயிற்று.

இப்போது பாட்டைப் போட்டால் கார் அதிர்கிறது. கண்ணாடி நடுங்குகிறது. பாட்டி காதைப் பொத்திக் கொள்கிறார். ஆனால் பாட்டில் ஒரு வார்த்தையாவது விளங்குகிறதா? இல்லை!

இது ஒரு வீட்டுக் கதை அல்ல. ஊருக்கு ஊர் நடக்கும் கதை.

தவறு எங்கே இருக்கிறது? காரோடு வந்த ஸ்பீக்கரிலா? பெரும்பாலும் இல்லை. அந்த ஸ்பீக்கருக்குப் பாடத் தெரியும். அதைப் பாட விடாமல் தடுப்பவை வேறு. அவற்றை விலக்கினால் பாட்டு தானாகத் தெளியும். அதில் பாதி வேலைக்குக் காசே தேவை இல்லை. மீதிப் பாதிக்கும் சிறு செலவுதான். இதைத் தெரிந்து கொள்ளாமல் கடைக்கு ஓடுவது, பசிக்கிறதா தாகமா என்று பார்க்காமல் ஓட்டலுக்குள் நுழைவது போன்றது.

காருக்குள் பாட்டு வந்த கதை

ஒரு காலத்தில் காரில் ரேடியோ வைப்பதே பெரிய காரியமாக இருந்தது. 1930-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பால் கால்வின் என்பவரும் அவர் தம்பி ஜோசப் கால்வினும் தங்கள் காரில் ஒரு ரேடியோவைப் பொருத்தினார்கள். அட்லாண்டிக் சிட்டி என்ற ஊரில் ரேடியோ வியாபாரிகளின் மாநாடு நடந்தது. உள்ளே கடை போட அவர்களுக்கு இடம் இல்லை. வாசலில் காரை நிறுத்தி, ரேடியோவைப் பாட விட்டார்கள். வியாபாரிகள் வெளியே வந்து கேட்டார்கள். அந்த ரேடியோவுக்குத்தான் 'மோட்டரோலா' என்று பெயர் வைத்தார்கள். பிறகு அதுவே கம்பெனியின் பெயராகவும் ஆயிற்று.

1956-ஆம் ஆண்டு மாடல் கார்கள் சிலவற்றில் கிரைஸ்லர் கம்பெனி இசைத்தட்டுப் பெட்டியையே வைத்தது. ஓடும் காரில் இசைத்தட்டு! அது நெடுநாள் நிலைக்கவில்லை. பிறகு கேசட் வந்தது, சி.டி. வந்தது. இன்று பாட்டு செல்போனில் இருந்து காற்று வழியாகவே ஸ்பீக்கருக்குப் போகிறது.

சென்னைக்கும் இதில் ஒரு பெருமை உண்டு. இந்தியாவின் முதல் எப்.எம். ஒலிபரப்பு 1977-ஆம் ஆண்டு சென்னையில்தான் தொடங்கியது. கரகரப்பு இல்லாத ரேடியோ என்றால் என்ன என்பதை இந்தியாவில் முதலில் கேட்டது சென்னைக் காதுதான்.

1983-ஆம் ஆண்டு மாடல் கார்களில் இன்னொரு மாறுதல் வந்தது. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியும் போஸ் கம்பெனியும் சேர்ந்து, காரின் உள்ளமைப்பைப் பார்த்து அதற்கேற்ற ஸ்பீக்கர்களைச் செய்தன. கண்ணாடி எங்கே, மெத்தை எங்கே, காது எங்கே என்று அளந்து செய்தார்கள். இந்த வழியைப் பிறகு பல கம்பெனிகள் பின்பற்றின. ஆகவே, காரோடு வரும் எல்லாமே மட்டம் என்று சொல்வது சரியல்ல. விலை குறைந்த கார்களில் காகிதக் கூம்பும் சின்னக் காந்தமும் உள்ள எளிய ஸ்பீக்கர்கள் இருப்பது உண்மைதான். ஆனால் எளியது வேறு; மட்டமானது வேறு.

'500 வாட்' என்றால் என்ன?

கடைக்குப் போகிறவர்களை முதலில் மயக்குவது இந்த எண்தான். பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் '500 வாட்' என்று போட்டிருக்கும். அது பெரும்பாலும் ஒரு கண நேரத்துக்குத் தாங்கும் உச்ச அளவு. தொடர்ந்து பாடும் அளவு அதைவிட மிகவும் குறைவு. 'ஆர்.எம்.எஸ்.' என்ற மூன்று எழுத்துக்குப் பக்கத்தில் உள்ள எண்ணைத்தான் பார்க்க வேண்டும். அதுவே தொடர்ந்து தாங்கும் அளவு.

கார் பேட்டரியின் மின்சாரத்தை நேராக வாங்கிப் பாடும் சாதாரண செட்டு, ஒரு ஸ்பீக்கருக்குச் சுமார் 20 வாட்தான் சுத்தமாகக் கொடுக்க முடியும். இவ்வளவுதானா என்று முகம் சுளிக்க வேண்டாம். நல்ல ஸ்பீக்கர் ஒன்று, ஒரே ஒரு வாட்டை வாங்கிக்கொண்டு, ஒரு மீட்டர் தூரத்தில் 90 டெசிபல் அளவுக்குச் சத்தம் கொடுக்கும். டெசிபல் என்பது சத்தத்தை அளக்கும் கணக்கு. 90 டெசிபல் என்றால் பக்கத்தில் இருப்பவரோடு கத்தித்தான் பேச வேண்டும்!

வாட்டை இரண்டு மடங்கு ஆக்கினால் சத்தமும் இரண்டு மடங்கு ஆகும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற வேண்டுமானால் வாட்டைப் பத்து மடங்கு ஆக்க வேண்டும். ஆகவே குறை வாட்டில் இல்லை.

முதல் எதிரி யார்?

பாட்டுக்கு முதல் எதிரி இரைச்சல். சிறிய கார் ஒன்று நெடுஞ்சாலையில் மணிக்கு 80, 90 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது உள்ளே இரைச்சல் 70 டெசிபலைத் தொடும். டயரின் உறுமல், காற்றின் ஊளை, ஏ.சி. விசிறியின் சத்தம் எல்லாம் சேர்ந்தது இது. மிருதங்கத்தின் கும்கி ஒலியும் வீணையின் மெல்லிய கமகமும் இதற்குள் மூழ்கிவிடும். மூழ்கியதை எடுக்கத்தான் சத்தத்தைக் கூட்டுகிறார்கள்.

கூட்டுவதற்கு முன்னால் இரைச்சலைக் குறைத்துப் பார்க்கலாம். கண்ணாடியை முழுவதும் ஏற்றிவிட வேண்டும். டயரில் காற்று, கம்பெனி சொன்ன அளவில் இருக்க வேண்டும். ஏ.சி. விசிறியை ஒரு படி இறக்க வேண்டும். கதவின் ரப்பர் பட்டை கிழிந்திருந்தால் மாற்ற வேண்டும்.

அடுத்தது, காருக்குள்ளே கிடக்கும் சாமான்கள். கதவுப் பையில் சில்லறைக் காசு. அதன் பக்கத்தில் தண்ணீர்ப் பாட்டில். டேஷ்போர்டுக்குள் சாவிக் கொத்து. பாட்டு அதிரும்போது இவையும் சேர்ந்து ஆடும். "ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது போலிருக்கிறது" என்று கார்க்காரர் நினைப்பார். கிழிந்தது ஸ்பீக்கர் அல்ல; பாடியது காசு!

ஒரு ஞாயிற்றுக்கிழமை காரை நிழலில் நிறுத்தி, எல்லாச் சாமானையும் வெளியே எடுத்து, தவில் சத்தம் நிறைந்த பாட்டு ஒன்றைப் போட வேண்டும். எங்கே நடுக்கம் கேட்கிறதோ அங்கே உள்ளங்கையை அழுத்த வேண்டும். நடுக்கம் நின்றால், நோய் அந்த இடத்தில்தான். ஒரு சிறு பஞ்சு நாடாவோ, தளர்ந்த திருகாணியை முறுக்குவதோ போதும்.

தானியம் நன்றாக இருந்தால்தான் மாவு நன்றாக இருக்கும்

இரண்டாவதாகப் பார்க்க வேண்டியது, பாட்டு எங்கிருந்து வருகிறது என்பது.

ஒரு நண்பர் இன்னொருவருக்கு அனுப்பி, அவர் வேறொருவருக்கு அனுப்பி, கைமாறி வந்த பாட்டு பெரும்பாலும் பிழியப்பட்ட பாட்டாகவே இருக்கும். கோப்பைச் சின்னதாக்கும் ஒவ்வொரு தடவையும் பாட்டின் நுணுக்கம் கொஞ்சம் கழிந்து போகிறது. ஜால்ராவின் சத்தம் மணல் சரசரப்பது போல் கேட்டால் இதுதான் காரணம். எம்.பி.3 பாட்டில் 128 என்ற அளவைவிட 320 என்ற அளவு எவ்வளவோ மேல். பாட்டுச் செயலியில் 'டேட்டா மிச்சம்' என்ற ஏற்பாடு இருந்தால் அதை நீக்கிவிட்டு, உயர்ந்த தரத்தைத் தேர்ந்தெடுக்கலாம். வீட்டில் வைபை இருக்கும்போதே பாட்டுகளை இறக்கி வைத்துக் கொண்டால் வழியில் செலவும் இல்லை, தடங்கலும் இல்லை.

ப்ளூடூத் வசதியானது. ஆனால் அதுவும் பாட்டைச் சுருக்கித்தான் அனுப்புகிறது. கேபிள் வழியாகவோ பென் டிரைவ் வழியாகவோ போட்டுப் பார்த்தால் வித்தியாசம் தெரியலாம்.

இன்னொரு சின்ன ரகசியம். ப்ளூடூத்தில் பாடும்போது செல்போனின் சத்தத்தை ஏறத்தாழ முழு அளவுக்கு வைத்துவிட்டு, காரின் விசையால் கூட்டிக் குறைக்க வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். செல்போனில் பாதி வைத்து, காரில் முழுவதும் திருகுகிறார்கள். அப்போது பாட்டோடு 'உஸ்' என்ற இரைச்சலும் சேர்ந்து பெருகுகிறது.

பழைய பாட்டுப் பிரியர்கள் ஒன்றைத் தெரிந்து கொள்ள வேண்டும். 1950, 1960-களில் வந்த சினிமாப் பாட்டுகளில் பெரும்பாலானவை ஒரே தடத்தில் பதிவானவை. அவற்றில் இடப்பக்கம், வலப்பக்கம் என்ற பிரிவே கிடையாது. எவ்வளவு விலை உயர்ந்த ஸ்பீக்கரும் பாட்டில் இல்லாததைக் கொண்டுவர முடியாது. அந்தப் பாட்டுகளின் உயிர் பாடுகிறவரின் குரலில் இருக்கிறது. 'பேஸ்' என்னும் கனத்த ஒலியைக் குறைத்தால் அந்தக் குரல் மேலே வரும்.

விசைகளைத் திருகும் முறை

மூன்றாவது, செட்டில் உள்ள விசைகள். புதுக் கார் வாங்கியவர்களில் பலர் 'பேஸ்', 'ட்ரெபிள்' இரண்டையும் கடைசிவரை ஏற்றிவிடுகிறார்கள். எல்லாவற்றிலும் மிளகாயை அள்ளிப் போட்டால் சமையல் ஆகுமா? சின்ன ஆம்ப்ளிபையரின் சக்தி முழுவதையும் பேஸே விழுங்கிவிடுகிறது. குரலுக்கு மிச்சம் இல்லை. சத்தம் உடைகிறது.

முதலில் எல்லாவற்றையும் நடுவில், பூஜ்யத்தில் வைக்க வேண்டும். நன்றாகத் தெரிந்த பாட்டு ஒன்றைப் போட வேண்டும். எது அதிகமாகத் துருத்துகிறதோ அதை ஒரு படி குறைக்க வேண்டும். கூட்டுவதைவிடக் குறைப்பதே நல்ல வழி. குரல் மங்கலாக இருந்தால் ட்ரெபிளைக் கூட்டாமல் பேஸைக் குறைத்துப் பார்க்கலாம்.

மெதுவாகப் பாடும்போது பேஸ் குறைவாகத் தோன்றுவது இயற்கை. மனிதக் காது அப்படித்தான் அமைந்திருக்கிறது. பிளெட்சர், மன்சன் என்ற இரண்டு அமெரிக்க விஞ்ஞானிகள் 1933-ஆம் ஆண்டிலேயே இதை அளந்து காட்டினார்கள். சில செட்டுகளில் 'லவுட்னஸ்' என்ற பொத்தான் இருப்பது இதற்காகத்தான். மெதுவாகக் கேட்கும்போது அதைப் போடலாம். சத்தமாகக் கேட்கும்போது நிறுத்திவிட வேண்டும்.

பிறகு, இடம் வலம். இங்கே கார் ஓட்டுகிறவர் வலப்பக்கம் உட்காருகிறார். வலக் கதவு ஸ்பீக்கர் அவருக்கு அருகில்; இடக் கதவு ஸ்பீக்கர் தூரத்தில். ஒலி ஒரு வினாடியில் சுமார் 343 மீட்டர் போகிறது. இரண்டு ஸ்பீக்கருக்கும் 60 சென்டிமீட்டர் தூர வித்தியாசம் இருந்தால், வினாடியை ஆயிரம் பங்கு வைத்து அதில் இரண்டு பங்குகூட ஆகாத நேரம் முந்தி வலப்பக்க ஒலி வருகிறது. இந்தச் சின்ன வித்தியாசத்தையும் காது கண்டுபிடித்துவிடும்! பாட்டு முழுவதும் வலக் கதவில் ஒட்டிக் கொண்டது போல் தோன்றுவது இதனால்தான். 'பேலன்ஸ்' விசையை இடப்பக்கம் ஓரிரு படி நகர்த்தினால் குரல் நடுவுக்கு வரும். சில கார்களில் ஓட்டுகிறவருக்கு ஏற்றபடி இதைத் தானே சரிசெய்யும் ஏற்பாடும் இருக்கிறது.

கச்சேரியில் வித்வான் முன்னால்தான் உட்காருவார். முதுகுக்குப் பின்னால் உட்காருவது இல்லை. ஆகவே 'பேடர்' விசையை முன்பக்கம் கொஞ்சம் தள்ள வேண்டும். பின்னால் இருக்கும் பாட்டிக்கும் பிள்ளைகளுக்கும் அது நல்லது.

இந்த வேலையெல்லாம் கார் நிற்கும்போது செய்ய வேண்டியவை. ஓடும் காரில் ஓட்டுகிறவர் விசையைத் தேடக் கூடாது. பாட்டு மாற்றும் பொறுப்பைப் பக்கத்தில் இருப்பவரிடம் விட்டுவிட வேண்டும்.

கதவுதான் பெட்டி

இவ்வளவும் செய்த பிறகும் குறை இருந்தால், அடுத்து பார்க்க வேண்டியது கதவு.

வீட்டு ஸ்பீக்கர் கனமான மரப் பெட்டிக்குள் இருக்கிறது. கார் ஸ்பீக்கருக்குக் கதவுதான் பெட்டி. கதவோ மெல்லிய தகரம். அதில் பெரிய பெரிய துளைகள். ஸ்பீக்கரின் கூம்பு முன்னும் பின்னும் அசைகிறது. பின்பக்கம் போகும் ஒலி துளை வழியாக வெளியே வந்து, முன்பக்க ஒலியோடு மோதி அதை அழிக்கிறது. பேஸ் காணாமல் போவது இப்படித்தான். கதவை வெளியே விரலால் தட்டிப் பார்த்தால் 'டங்' என்று தகர டப்பா போல் ஒலிக்கும். அந்த டப்பாச் சத்தம்தான் பாட்டோடு சேர்கிறது.

'டேம்பிங் ஷீட்' என்று கடைகளில் ஒன்று விற்கிறார்கள். கெட்டியான ரப்பர் பசையின் மேல் அலுமினியத் தாள் ஒட்டியது. அதைக் கதவின் உள்தகரத்தில் ஒட்டினால் 'டங்' என்பது 'டப்' என்று அடங்கும். முன்கதவு இரண்டுக்குச் செய்தாலே போதும். தகரம் முழுவதும் ஒட்ட வேண்டியதும் இல்லை. அதிரும் நடுப்பகுதியில் ஒட்டினால் பெரும் பலன் கிடைத்துவிடும்.

இரண்டு எச்சரிக்கைகள். கதவின் அடியில் மழைநீர் வடிய ஓட்டைகள் இருக்கும். அவற்றை அடைத்தால் கதவு துருப்பிடிக்கும். இரண்டாவது, விபத்தில் உயிர் காக்கும் காற்றுப்பைக்கான உணர்கருவியைக் கதவுக்குள் வைத்த கார்களும் உண்டு. அந்தக் காரில் கதவைக் கண்டபடி அடைக்கக் கூடாது. கம்பெனி சர்வீஸில் கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும். பாட்டுக்காக உயிரைப் பணயம் வைப்பார்களா?

ஸ்பீக்கரையே மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், முதலில் முன்பக்க இரண்டை மட்டும் மாற்றலாம். பழைய ஸ்பீக்கருக்கு எத்தனை அங்குலம், எத்தனை 'ஓம்' என்று பார்த்து அதே அளவில் வாங்க வேண்டும். வாட்டைப் பார்ப்பதைவிட, ஒரு வாட்டுக்கு எத்தனை டெசிபல் தருகிறது என்று கேட்பது புத்திசாலித்தனம். வயரை வெட்டாமல் மாட்டும் 'கப்ளர்' கடைகளில் கிடைக்கிறது. வெட்டிவிட்டால் வாரண்டி போகலாம். மின்கசிவு ஆபத்தும் உண்டு. கடைக்காரர் போடும் பாட்டைக் கேட்டு முடிவு செய்யக் கூடாது. வீட்டில் கேட்டுப் பழகிய பாட்டைக் கையோடு கொண்டுபோய்ப் போடச் சொல்ல வேண்டும்.

காது போனால் கடையில் கிடைக்காது!

இனிய ஒலி வேறு. பெரிய ஒலி வேறு. இந்த வித்தியாசத்தைக் குடும்பங்கள் உணர வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் ஒரு கணக்குச் சொல்கிறது. 80 டெசிபல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபல் என்றால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். 100 டெசிபல் என்றால் 20 நிமிடம்! குழந்தைகளுக்கு இன்னும் குறைவு; வாரத்துக்கு 40 மணி நேரம் என்றால் 75 டெசிபல்தான்.

காதின் உட்புறத்தில் மயிர்போன்ற நுண்ணிய அணுக்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அவையே ஒலியை மூளைக்கு அனுப்புகின்றன. அளவு மீறிய சத்தம் அவற்றை அழிக்கிறது. தலைமயிர் கொட்டினால் முளைக்கலாம். மனிதனுக்கு இவை அழிந்தால் மீண்டும் முளைப்பது இல்லை. கண்ணாடி மூடிய காருக்குள், பின்பக்க ஸ்பீக்கருக்கு அருகில் தூங்கும் குழந்தையை ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

வெளியே நடப்பதையும் நினைக்க வேண்டும். பின்னால் 108 ஆம்புலன்ஸ் வருகிறது. சங்கு ஊதுகிறது. காருக்குள் பாட்டு அலறுகிறது. கேட்குமா? ஆம்புலன்ஸுக்கு வழி விடாதவருக்கு 10,000 ரூபாய் அபராதம் விதிக்க 2019-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் இடம் தருகிறது. அபராதத்தைக் கட்டிவிடலாம். ஆம்புலன்ஸுக்குள் இருப்பவரின் உயிர்?

அளவை அறிய எளிய வழி ஒன்று இருக்கிறது. பாட்டு பாடும்போதே, முன்னால் இருப்பவர் பின்னால் இருப்பவரிடம் சாதாரணக் குரலில் பேச வேண்டும். பேச்சு விளங்கினால் சத்தம் சரி. விளங்காவிட்டால் விசையைக் குறைக்க வேண்டும்.

கார்க் கம்பெனிகளுக்கும் ஒரு கடமை உண்டு. காரை ஒப்படைக்கும் நாளில் சாவியையும் இனிப்பையும் கொடுப்பதோடு நிற்கக் கூடாது. பாட்டுச் செட்டின் விசைகளைப் பத்து நிமிடம் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்க வேண்டும். தமிழில் ஒரு தாள் அச்சிட்டுக் கொடுத்தால் இன்னும் நல்லது. கடைக்காரர்களும் உச்ச வாட்டைக் காட்டி மயக்காமல், உண்மை வாட்டைச் சொல்லி விற்க வேண்டும். வாங்குகிறவர் பணம், வியர்வை சிந்திச் சேர்த்த பணம்.

வரும் ஞாயிற்றுக்கிழமை, கடைக்குப் போவதற்கு முன்னால், குடும்பத்தோடு காரில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் செலவிடலாம். காசை எடுத்து, பாட்டிலை எடுத்து, விசைகளை நடுவில் வைத்து, நல்ல பாட்டு ஒன்றைப் போடலாம்.

அப்போது பாட்டி காதைப் பொத்த மாட்டார். "இன்னொரு தடவை போடப்பா" என்பார்!